நாற்பத்து மூன்று ஓட்டைகள்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தோற்று, மூன்றாம் தடவை எழுத மாட்டேன் என்று தலைமையாசிரியையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து கேட்டைத் தன் கையாலேயே சாத்திக்கொண்டு வெளியே வந்தவள் பேச்சி. அடுத்த சித்திரையில் அம்மா மாரிச்செல்வியோடு விமானம் ஏறி, அப்பா சுடலைமுத்து பன்னிரண்டு வருஷமாக ஏசி ரிப்பேரும் பைப் ரிப்பேரும் பார்த்துவருகிற பாலைவன ஊரில் அவள் வந்து இறங்கிய மத்தியானத்தில்தான், அவளுடைய உள்ளங்கால்களிலிருந்து தண்ணீர் கசிகிறது என்பது தெரியவந்தது. அறுந்துபோன செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வேனிலிருந்து வில்லா வாசல்வரை பத்து எட்டு நடந்தாள். பத்து எட்டும் பத்து ஈரத்தடமாக, ஐந்து விரலும் எண்ணிக்கொள்கிற மாதிரி, வாளித் தண்ணீரைக் கொட்டினாலும் கண் இமைப்பதற்குள் குடித்துவிடுகிற அந்த மணலில், சாயங்காலம்வரை காயாமல் கிடந்தது.

ஊரில் இது தெரியாமல் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அங்கே அவர்கள் வீடு சிற்றாற்றிலிருந்து நாற்பது அடி தள்ளி இருந்தது, சாரல் காலத்தில் சுவருக்கே வேர்த்து ஊற்றும், அங்கே யாருடைய கால்தான் காய்ந்திருந்தது, பேச்சியின் காலை மட்டும் தனியாகக் குனிந்து பார்க்க.

வில்லாவிலும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த வில்லா ஒரே ஒரு குடும்பம் வாழக் கட்டினது. தனுஷ்கோடி அண்ணாச்சி அதை மொத்தமாக எடுத்து, பிளைவுட் பலகையால் அறுத்து அறுத்து எட்டு வீடாக்கி, ஏழு வீட்டை வாடகைக்குக் கொடுத்து, நல்ல சுவரும் தேக்குக் கதவும் இருந்த முன்ஹாலைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி லீலாவதி தடத்தைப் பார்த்தாள், பேச்சியைப் பார்த்தாள், மாரிச்செல்வியைப் பார்த்தாள்.

"டைல்ஸ் வழுக்கும்லா, மாரி. பிள்ளைக்கு சாக்ஸ் மாட்டி விடு."

"சாக்ஸ் நனைஞ்சா நாறும் அத்தை," என்றாள் பேச்சி. "நீங்க மிதியடிய அடிக்கடி மாத்திப் போடுங்க, அது போதும்."

"வாயப் பாரேன்," என்று லீலாவதி சிரித்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது.

முடியாத விஷயம் கரப்பான்தான். பாலைவனத்தில் பூச்சி எங்கே இருக்கும் என்று கேட்கிறவர்கள் அங்கே ஒரு வாரம் குடியிருந்து பார்க்க வேண்டும். வெளியே குடிக்க ஒரு சொட்டு இல்லாததால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் காலும் மீசையும் உள்ள அத்தனை உயிரும், எங்கே ஏசி சொட்டுகிறதோ, எங்கே குழாய் ஒழுகுகிறதோ அந்த வீட்டைத் தேடி வரும். கரப்பான் வரும், எறும்பு வரும், கறையான் வரும், சில நாள் மஞ்சள் தேளும் வரும். எட்டுக் குடும்பமும் எட்டு வருஷமாக மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருத்தருக்கும் தெரியாமல் ஒருத்தர், வேறே வேறே நாளில் அடித்தார்கள். ஒன்றாம் வீட்டில் அடித்தால் பலகை இடுக்கு வழியாக இரண்டாம் வீட்டுக்கு ஓடும், இரண்டாம் வீட்டுக்காரி பதறிப்போய் அடித்தால் மூன்றாம் வீட்டுக்கு ஓடும், இப்படி எட்டையும் சுற்றிவந்து மாதக் கடைசியில் குஞ்சு குளுவானோடு ஒன்றாம் வீட்டுக்கே திரும்பும். ஒன்றாம் வீட்டுக்காரர் கம்பெனி மருந்து சரியில்லை என்று திட்டிவிட்டுத் திரும்ப அடிப்பார். எட்டு வருஷத்தில் ஒரு கரப்பான்கூட நிரந்தரமாக வெளியேறவில்லை, வில்லாவை வலம்வந்துகொண்டே இருந்தன.

பேச்சி வந்த எட்டாம் நாள், ஏழு வீட்டில் ஒரு பூச்சி இல்லை. எல்லாம் பேச்சி வீட்டில் இருந்தன. அவள் படுத்திருந்த பாயைச் சுற்றி, அரிசி களைந்து பரப்பினதுபோலக் கறையானும், கறுப்புக் கோடாக எறும்பும், அதற்கு வெளிவட்டத்தில் கரப்பானுமாக, யாரும் யாரையும் முந்தாமல், அவள் குதிகாலில் ஊறுகிற தண்ணீருக்கு முறைபோட்டு நின்றன. ஒன்றும் அவளைக் கடிக்கவில்லை. குடித்தன, விலகின, அடுத்தது வந்தது.

"ஊர்லேருந்து பொட்டில அள்ளிட்டு வந்துட்டாங்க," என்று ஏழு வீடும் முதலில் ஏசின. பிறகு தங்கள் தங்கள் அடுப்படியைத் திறந்து பார்த்துவிட்டு ஏச்சை நிறுத்திக்கொண்டன.

முதலில் வந்து பேசினது ஜெனிபர் அக்காதான். அவள் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தாள். அவள் மகன் ஆல்வினுக்கு நாலு வயசு, கரப்பான் எச்சம் காற்றில் கலந்து அந்தப் பிள்ளைக்கு ஓயாத இழுப்பு, நெஞ்சு ஹார்மோனியம் மாதிரி சத்தம் போடும். "நாலு நாளா மூச்சு மிஷின் வைக்கலடி," என்று பேச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஜெனிபர் அழுதாள். "ஆல்வின் தூங்குதான். வாய மூடிட்டுத் தூங்குதான்."

பேச்சிக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பூச்சியோடு படுக்கிறது அவள்தானே, அவளுக்குப் பொறுமையும் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லா வீட்டிலும் லீவு, எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், "வாங்க சனியன்களா," என்று எழுந்து, வெறுங்காலோடு காரிடாரில் நடந்து, வில்லாவுக்குப் பின்னால் இருந்த காலி மணல்வெளிக்குப் போய் நடுவில் நின்றாள். பூச்சிகள் ஈரத்தடத்தைப் பிடித்து வரிசையாகப் பின்னால் போயின. நாற்பத்தேழு டிகிரி வெயில், நிழல் என்று சொல்ல ஒரு கம்பிகூட இல்லை. அவள் உள்ளங்காலைத் தரையோடு அழுத்தி மூடிக்கொண்டு நின்றாள், பூச்சிகள் சுற்றிலும் காத்துக்கொண்டு நின்றன, அரைமணி நேரத்தில் அத்தனையும் வறுத்த புளியங்கொட்டை மாதிரி மல்லாந்துவிட்டன. அவள் உள்ளே வந்து ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்த எட்டுக் குடும்பத்தையும் பார்த்துச் சொன்னாள்:

"இப்ப ஒண்ணுகூட இல்ல. ஆனா வெளியேருந்து திரும்ப வரும். அதுக்குள்ள ஓட்டைய எல்லாம் அடைச்சிருங்க. குழாய் ஒழுகுறத நிப்பாட்டுங்க. ஏசி தண்ணிக்கு வச்சிருக்க பக்கெட்ட தெனமும் கொட்டுங்க. நான் ஃபோன்ல பாத்தேன், கரப்பான் சாப்பாடு இல்லாம ஒரு மாசம் கெடக்கும், தண்ணி இல்லாம ஒரு வாரம் தாங்காது. தண்ணியும் வழியும் இல்லேன்னா அது ஏன் இங்க வருது?"

"எவ்வளவு அறிவு பாத்தீங்களா," என்றார் தனுஷ்கோடி அண்ணாச்சி. எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும் உண்மையிலேயே சம்மதித்துத்தான் தலையாட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பூச்சி திரும்ப வந்தது. ஒருத்தரும் ஒரு ஓட்டையும் அடைக்கவில்லை. பேச்சி திரும்ப நடந்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அது நடை என்று பேர் வாங்கிவிட்டது. பேச்சி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் அடுப்படியில் நூறு எண்ணுகிறவரை நின்று, கக்கூஸ் வாசலில் நூறு எண்ணுகிறவரை நின்று, கட்டிலுக்கடியில் காலை நீட்டி, அங்கே உள்ளதையெல்லாம் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். முதல் வீடு யாருடையது என்பதில் சண்டை வந்தது, ஏனென்றால் கடைசி வீட்டுக்குள் நுழையும்போது மற்ற ஏழு வீட்டுப் பூச்சியும் பின்னால் வரும். லீலாவதி தன் ஹாலை முதலாவதாக வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டாள். யாரோ ஆரத்தி எடுத்தார்கள், மஞ்சள் தண்ணியை அவள் காலில் ஊற்றியதும் பூச்சி குழம்பிப்போனது, அதனால் ஆரத்தியை நிறுத்தினார்கள். யாரோ வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார்கள். "சத்தம் கேட்டா ஓடிரும், அறிவிருக்கா," என்று பேச்சி திருப்பிக் கொடுத்தாள். வாட்ஸ்அப் குழுவின் பேரைப் பேச்சி நடை என்று மாற்றி, அவள் காலைப் படமெடுத்து முகப்பில் வைத்தார்கள். பிள்ளைகள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காரிடாரில் நடந்து நடை விளையாடினார்கள். ஒரு பிள்ளை பேச்சி, மற்ற பிள்ளைகள் கரப்பான்.

இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எட்டு வீட்டிலும் சோற்றுப் பானையை மூடுவதை விட்டார்கள். தின்ற தட்டு ராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடந்தது. ஏசி பக்கெட் நிறைந்து வழிந்து, வழிந்த இடத்தில் பாசி பிடித்தது, அந்த ஊரில் பாசியைப் பார்ப்பதற்கே பக்கத்து வில்லாக்காரர்கள் வந்துபோனார்கள். வெங்காய அட்டைப்பெட்டிகள் கூரைவரை ஏறின. வெள்ளிக்கிழமை வரும், பேச்சி வருவாள். அதனால் வெள்ளிக்கு வெள்ளி பூச்சி கூடிக்கொண்டே போய், அரைமணி நின்ற இடத்தில் முக்கால்மணி, பிறகு ஒருமணி என்று பேச்சி வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று.

ஒருநாள் நடை முடிந்து வந்து தன் தடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நடுப்பாதம் இல்லை. விரலும் குதிகாலும்தான் ஈரமாக விழுந்திருந்தது. அடுத்த வாரம் விரல் மூன்றாகக் குறைந்தது.

அவள் குடம் குடமாகக் குடித்துப் பார்த்தாள். அம்மா இளநீர் கொடுத்தாள், லீலாவதி குளுகோஸ் கொடுத்தாள், ஜெனிபர் ஆஸ்பத்திரியிலிருந்து உப்புப் பொட்டலம் கொண்டுவந்தாள். உள்ளே போன தண்ணீர் எங்கோ போனது, காலுக்கு வரவில்லை. காலுக்கு வந்தது வேறே தண்ணீர். அது ஊரிலிருந்து வரும்போது அவளோடு வந்தது, திரும்ப ஊறுகிறது இல்லை. அது குறையக் குறைய அவளுக்கு வேர்வை நின்றது, வெங்காயம் நறுக்கினாலும் கண்ணில் நீர் வரவில்லை, உதடு பாளம் பாளமாக வெடித்தது, அம்மா தலைவாரினால் முடி துடைப்பக் குச்சி மாதிரி ஒடிந்து சீப்போடு வந்தது.

"எம்மா, இது தீந்துபோனா நான் செத்துருவேன்," என்றாள் பேச்சி.

"ஏட்டி, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுத."

"விளக்கு வச்சாலும் வைக்காட்டாலும் அதுதான். நடக்காம இருந்தா மிஞ்சும். ஓட்டைய அடைச்சா நடக்க வேண்டாம். அவ்வளவுதான். இதுக்கு என்ன பெரிய அறிவு வேணும்?"

அவளே டார்ச்சை எடுத்துக்கொண்டு எட்டு வீட்டையும் இரண்டு நாள் தரையோடு தரையாகத் தவழ்ந்து பார்த்தாள். ஒன்று, காரிடாரில் தனியாக இருக்கிற லீலா அத்தை அடுப்படியில் கேஸ் குழாய் சுவரில் நுழைகிற ஓட்டை. இரண்டு, அதே அடுப்படித் தொட்டிக்குக் கீழே ஒழுகுகிற வளைவு. மூன்று, ஜெனிபர் அக்கா குளியலறைத் தண்ணி போற ஜாலி, வலை இல்லை. நான்கு, காரிடார் ஏசிக்கும் பலகைக்கும் நடுவில் நாலு விரல் சந்து. இப்படி நாற்பத்து மூன்று. பேனாவால் அழகாக எழுதி, படமெடுத்து, குழுவில் போட்டாள். பதினொரு பேர் கும்பிட்ட கை போட்டார்கள், ஏழு பேர் பூப் போட்டார்கள், தனுஷ்கோடி அண்ணாச்சி சூப்பர்மா என்று எழுதினார். அவளாகவே சோப்புக் கட்டியாலும் பழைய சாக்ஸாலும் ஆறு ஓட்டையை அடைத்தாள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று லீலாவதி நாலைப் பிடுங்கிப் போட்டாள்.

"எப்பா, நீங்க அடைங்களேன்," என்று சுடலைமுத்துவிடம் கேட்டாள். அந்த ஊரில் பாதிக் கட்டடத்தின் ஓட்டையை அடைத்தவர் அவர்தான். அவர் அடைத்த இடத்தில் எறும்பு மூச்சுவிட முடியாது என்று அவர் கம்பெனியில் பேச்சு.

"செய்யுதேன் தாயி. வெள்ளிக்கெழம ஒருநாள்தான எனக்கு லீவு. இந்த வெள்ளி கட்டாயம் செய்யுதேன்."

வெள்ளிக்கிழமை நடை இருந்தது. நடை முடிந்தால் பூச்சி இல்லை. பூச்சி இல்லாத வீட்டில் ஓட்டையை அடைக்க யாருக்கு மனசு வரும், சுடலைமுத்து தூங்கிப்போனார்.

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று வலது கால் முழுசாகக் காய்ந்துவிட்டது. இடது குதிகாலில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம் இருந்தது. பேச்சி பாயில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு வர மாட்டேன்," என்றாள்.

"இந்த ஒரு வாரம் விட்ருங்க மதினி," என்று மாரிச்செல்வி லீலாவதியிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். "பிள்ளைக்கு முடியல."

"நான் என்ன எனக்காகவா கேக்கேன்? அங்க பாரு," என்று லீலாவதி கையைக் காட்டினாள். வாசலில் ஜெனிபர் ஆல்வினை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் நெஞ்சு கேட்டது.

"அக்கா," என்றாள் பேச்சி, "ஒங்க ஜாலிக்கு வலை போட்டீங்களா?"

"ட்யூட்டி முடிஞ்சு வரவே ஏழு மணி ஆவுதுடி. எங்க நேரம்?"

"மூணு மாசமா? ஒரு வலை, நாலு ஆணி."

"நீதான் இருக்கியேன்னு…" என்று சொல்லிவிட்டு ஜெனிபர் தரையைப் பார்த்தாள்.

பேச்சி எழுந்தாள். எல்லாரும் வழிவிட்டார்கள். ஆனால் அவள் வழக்கத்தைத் தலைகீழாக்கி, கடைசி வீட்டில் தொடங்கினாள். எட்டாவது, ஏழாவது, ஆறாவது என்று ஒவ்வொன்றிலும் நூறு எண்ணாமல் இருநூறு எண்ணி, பலகைக்குள்ளிருந்தும் பெட்டிக்குள்ளிருந்தும் கடைசிக் குஞ்சுவரைக்கும் கிளப்பி, மூன்று மாதத்துக் கூட்டம் மொத்தமும் பின்னால் நெல் கொட்டுகிற சத்தத்தோடு வர, மணல்வெளிப் பக்கம் திரும்பாமல், நேரே லீலாவதியின் ஹாலுக்குள் போய், புதுக் கார்ப்பெட்டின் நடுவில் சோபாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இடது குதிகாலைக் கார்ப்பெட்டில் ஊன்றினாள்.

லீலாவதி அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். அண்ணாச்சி லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். தேக்குக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ஏய் பேச்சி! வெளிய வாட்டி!"

"நாப்பத்து மூணையும் அடைங்க," என்று உள்ளிருந்து பேச்சி சொன்னாள். "அடைச்சு முடிங்க. பெறவு வந்து இதுகள மணலுக்குக் கூட்டிட்டுப் போறேன், கடைசித் தடவ. அதுக்கப்புறம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. லிஸ்ட் குரூப்புல இருக்கு. பாக்காட்டி இப்பவாது பாருங்க."

பிறகு ஆரம்பித்தது பாருங்கள், மூன்று மாதமாக நேரமில்லாத அத்தனை பேரும் எங்கிருந்து எடுத்து வந்தார்கள் என்று தெரியாமல் நேரத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சுடலைமுத்து வேனிலிருந்து சிலிக்கான் துப்பாக்கியும், பீய்ச்சினால் உப்பி இறுகுகிற ஃபோம் டப்பாவும் எடுத்துவந்தார். ஒருத்தர் வலை வெட்டினார், ஒருத்தர் ஆணி அடித்தார், பெண்கள் வெங்காயப் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்தார்கள், பிள்ளைகள் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பேச்சி உள்ளே உட்கார்ந்து நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பதினேழு!"

"ஆச்சு!"

"பத்தொம்பது? மீட்டர் பெட்டிக்குப் பின்னால?"

"ஆச்சும்மா!"

"ஆகல. அந்தச் சுவர்ல தட்டுத சத்தம் ரெண்டு தடவதான் கேட்டுது. அங்க மூணு ஓட்ட. திரும்பப் போய் பாருங்க."

போய்ப் பார்த்தால் மூன்றாவது விட்டுப்போயிருந்தது. வெளியே சிரித்தார்கள். "கணக்குல ஃபெயிலுன்னு எவன் சொன்னான்," என்று யாரோ சொல்ல, இன்னும் பெரிசாகச் சிரித்தார்கள். டீ போட்டுக் கொடுத்துக்கொண்டார்கள். "இதுக்குப் போயா இத்தன நாள்," என்று அண்ணாச்சி ஆச்சரியப்பட்டார். ஹாலுக்குள் பூச்சிகள் வழக்கம்போல முறைபோட்டு நின்றன. ஒரு ரூபாய் அகலத்தில் ஒவ்வொன்றாக வந்து வாயை வைத்துவிட்டு, விலகி, அடுத்ததற்கு இடம்விட்டன. பேச்சிக்கு அவற்றின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அந்த வில்லாவில் குடித்ததும் இடத்தைவிட்டு விலகத் தெரிந்தவை அவைதான்.

பள்ளிவாசலில் சாயங்காலப் பாங்கு கேட்டபோது நாற்பத்து மூன்றும் முடிந்தது.

"சரி, கதவத் தொறந்து வழிவிட்டு நில்லுங்க," என்று பேச்சி எழுந்தாள்.

கதவு திறக்கவில்லை. வெளியே ஜெனிபரின் குரல் கேட்டது. லேப்பில் ரிசல்ட் சொல்கிற குரல். "இப்ப வெளிய ஒண்ணுகூட இல்ல. எல்லா வழியும் அடைச்சாச்சு. மொத்தமும் இந்த ஒரு ரூமுல இருக்கு. கதவத் தொறந்தா திரும்பவும் காரிடார் வழியாத்தான் போகணும். வயித்துல முட்டையோட ஒண்ணு பிரிஞ்சு போனா போதும்."

"போன தடவையெல்லாம் அப்படித்தான வந்திருக்கும்," என்றார் அண்ணாச்சி.

"சாப்பாடு இல்லாம ஒரு மாசம், தண்ணி இல்லாம ஒரு வாரம். அவதான சொன்னா," என்றாள் ஜெனிபர்.

"உள்ள தண்ணி இருக்கே," என்றாள் லீலாவதி.

எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

"காலையில பாத்தேன்," என்றாள் ஜெனிபர். "ஒத்தக் கால்தான். ரூபா அகலம். அது ரொம்ப நாளைக்கு வராது."

மாரிச்செல்வி போட்ட சத்தம் பாதியில் அமுங்கிப்போனது. "மாரிக்குத் தல சுத்துது, கூட்டிட்டுப் போய் படுக்க வைங்க," என்று சொன்னார்கள், நாலைந்து பேரின் காலடி தேய்ந்து தேய்ந்து தூரப்போனது. வெளிப்பக்கம் கொண்டி விழுந்தது.

பேச்சி கதவைக் குத்தினாள். "தொறங்க! பேசின பேச்சு என்னாச்சு?"

"ஒரு வாரந்தாம்மா," என்றார் தனுஷ்கோடி அண்ணாச்சி, அன்பாகத்தான். "ஒரே ஒரு வாரம். பெறவு டிக்கெட் போட்டு ஒன்னை ஊருக்கு அனுப்பிருதோம். ஆத்துல போய் காலை நனைச்சுக்கோ."

"ஒரு வாரத்துல நான் இருக்க மாட்டேன் மாமா. எனக்குக் கணக்கு வராது, ஆனா இந்தக் கணக்கு வரும்."

ஜன்னலில் இரும்புக் கம்பி இருந்தது, வெயிலுக்காக ஒட்டின வெள்ளிக் காகிதம் இருந்தது. அதன் சட்டத்தைச் சுற்றி டேப் இழுபடுகிற சத்தம் கேட்டது. "ஏசி சொட்டும்லா, அதையும் அணைச்சிருவோம்," என்றாள் லீலாவதி. ஏசி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த சந்துகளில் ஃபோம் சீறியது. ஹாலில் வெளிச்சம் என்று மிஞ்சினது கதவைச் சுற்றி ஓடின ஒரு கோடு மட்டுந்தான்.

அந்தக் கோட்டுக்கு வந்தது அவள் அப்பா. செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது.

"எப்பா," என்றாள்.

"ஒரு வாரந்தான் தாயி," என்றார் சுடலைமுத்து. "எல்லாரும் நிக்காங்க. நான் இல்லேன்னா வேற யாராவது அடைப்பாங்க."

மேல் வலது மூலையில் தொடங்கினார். பன்னிரண்டு வருஷத்துக் கை, அவசரமில்லாமல், நடுக்கமில்லாமல், ஒரே சீராக இடது மூலைவரைக்கும் போனது. வெளிச்சக் கோடு அவர் கை போகிற வேகத்துக்கு அணைந்துகொண்டே வந்தது. பிறகு வலது பக்கம் மேலிருந்து கீழே. பிறகு இடது பக்கம். பிறகு மண்டிபோட்டு உட்கார்ந்து அடிப்பக்கம். கடைசியில், கீழே இடது மூலையில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெளிச்சம் மிஞ்சி நின்றது. அதன் வழியாக ஒரு விரல்நுனி உள்ளே வந்தது, கொஞ்சநேரம் அப்படியே இருந்தது, திரும்பப் போனது. அகலம் பார்க்கிறார் என்று பேச்சி நினைத்தாள்.

"முடிஞ்சுது அண்ணாச்சி," என்று வெளியே அவர் குரல் கேட்டது.

முடியவில்லை. பேச்சிக்கு நன்றாகத் தெரிந்தது, முடியவில்லை. மத்தியானத்திலிருந்து அவள் வேலையே அதுதான், விட்டதைச் சொல்வது, திரும்பச் செய்ய வைப்பது. சரியில்லாத வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குப் பிறந்ததிலிருந்தே வராது. மனசு யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது:

"எப்பா, கீழ இடது மூலையில ஒண்ணு விட்டுட்டீங்க. வெளிச்சம் தெரியுது."

அந்த ஓட்டை வழியாக அப்பா மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் பேச்சிக்கு உறைத்தது, அவர் அடைத்த இடத்தில் எறும்பு மூச்சுவிட முடியாது, பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு ஓட்டையைக்கூட மறந்து விட்டவரில்லை.

"இல்ல, இல்ல," என்றாள் அவசரமாக. "இல்லப்பா, நான் தப்பாப் பாத்தேன். ஒண்ணும் தெரியல."

"முத்து," என்றார் தனுஷ்கோடி அண்ணாச்சி, "பிள்ளையே சொல்லுதால்லா. குனிஞ்சு பாரு."

நேரம் போனது. யாரோ குனிந்தார்கள், வெளிச்சம் ஒருதரம் மறைந்து திரும்ப வந்தது. பிறகு ஃபோம் சீறியது. மஞ்சளாக, மெதுவாக, கொதிக்கிற பாகு பொங்குவதுபோல உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, உப்பி, ஓரத்தைத் தொட்டு, மிஞ்சின வெளிச்சத்தை ஒரு குண்டூசித் தலையாக்கி, அதையும் மூடிக்கொண்டது.

பேச்சி கையால் தடவிப் பார்த்தாள். மேலே, வலது, இடது, அடி. இருட்டில் ஆயிரம் சின்ன வாய்கள் அவள் குதிகாலுக்கு முறைபோட்டு நிற்கிற சத்தம் கேட்டது.

நாற்பத்து நான்கு. வேலையில் ஒரு குறையும் இல்லை.